வகுப்பு என்னும் படியும் பிள்ளையின் நடையும்

விசயதசமி நாளிலே, தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியின்மேற் பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிக்கும் காட்சியை எம்மில் அறியாதார் இலர். ஏடு தொடக்கும் அவ்வேளையிலே பிள்ளை ஒன்று, ஆசான் ஒருவர். "இப்பிள்ளை எத்தனையாம் வகுப்பு?" என்று அங்கு எவரும் வினவுவதில்லை. ஆனால் அதே பிள்ளை சின்னாட் கழிந்து பாடசாலை வாயிலை மிதித்ததும், அவனைக் காணும் உற்றாரும் அயலாரும் முதற்கண் கேட்கும் கேள்வி அதுவேயாகும். பெயருக்கு அடுத்தபடியாக ஒரு பிள்ளைக்குரிய அடையாளம் வகுப்பு என்றாகிவிட்டது.

வகுப்பு என்னும் இப்படி எங்கிருந்து வந்தது? யார் கட்டினார்கள்? எதற்காகக் கட்டினார்கள்? வீட்டிலே தன் நடையிற் கற்கும் பிள்ளைக்கு அது எவ்வளவுக்கு வேண்டும்? இவ்வினாக்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன்னர், இவ்வினாக்கள் என் உள்ளத்தில் எழுந்த காரணத்தைச் சொல்லிவிடுதல் நன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக எமது நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. என் தம்பி அப்போது தரம் 3 இற் படித்துக்கொண்டிருந்தான். அதன்பின் ஏறக்குறைய ஈராண்டுக் காலம் பாடசாலை திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தது. அக்காலத்தில் எங்கள் வீட்டிலே அம்மம்மாவே ஆசிரியை. கைத்தொலைபேசி வழியாக வந்த பாடங்கள் ஒருபுறமிருக்க, அவர் தம்பியைத் தம் அருகே இருத்தி நாடோறும் வாசிப்பித்தார். கதையிலே பெருவிருப்புடைய அவன் ஒன்றரை ஆண்டுக்குள் தரம் 6 க்குரிய தமிழ் நூலையும் தட்டுத்தடங்கலின்றி வாசிக்கலானான். கணக்கிலோவெனில், கடன் வாங்கிக் கழிக்கும் இடத்திலே நின்றான். நின்றவன் நெடுநாள் நகரவில்லை. அம்மம்மா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "அது வாற நேரம் வரும், ராசா. நீ விளங்கிச் செய்" என்பார்.

பாடசாலை ஒழுங்காகத் திறந்தபோது வயதுக்கேற்ப அவன் தரம் 5 இல் இருத்தப்பட்டான். தமிழ்ப் பாடத்திலே அவன் முன்னரே கடந்துவிட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கணித பாடத்திலே கழித்தலே கைவராதவன் நெடும்பிரித்தலைக் கண்டு விழித்தான். சில மாதங்களுக்குள், "எனக்குப் படிப்பு வராது" என்று சொல்லத் தொடங்கினான். ஆசிரியரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. நாற்பது பிள்ளைகளை ஒரே வேளையிற் பார்க்கவேண்டியவர் வேறென் செய்வார்? ஆயினும் உண்மை இதுதான்: அவன் அறிவு இருவேறு படிகளில் நின்றது, நிற்பதற்கு அவனுக்குக் கிடைத்ததோ ஒரே படி.

சுவடியே வகுப்பு

முன்னாளிலே எம்மவருடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இன்றைய பொருளில் வகுப்பு இருக்கவில்லை. மணலிலே விரலால் எழுதிப் பழகிய பிள்ளை அரிச்சுவடியை முடித்தால் எண்சுவடி தொடங்கும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாக்குண்டாம், நல்வழி என நீதிநூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அப்பால் நிகண்டு, ஆற்றலும் வாய்ப்பும் உடையார்க்கு நன்னூல். ஒரு சுவடியை முடித்தவனுக்கே அடுத்த சுவடி. அதனை ஆறு மாதத்தில் முடிப்பவனும் உண்டு. இரண்டு ஆண்டில் முடிப்பவனும் உண்டு. எண்சுவடியிலே முந்திநிற்பவன் நிகண்டிலே பிந்திநிற்றலும் கூடும். ஆகவே அங்கே படி என்பது நூலுக்கு உரியதாய் இருந்தது. பிள்ளையின் நெற்றியில் அது ஒட்டப்படவில்லை.

இம்முறை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு நல்லதொரு சான்று உண்டு. 1822ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சேர் தோமஸ் மன்றோ, மாகாணமெங்கணுமுள்ள பாடசாலைகளைக் கணக்கெடுக்குமாறு கட்டளையிட்டார். கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1 கோடியே 28 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்திலே 12,498 பாடசாலைகளும் 188,650 மாணாக்கரும் இருந்தனர். இவற்றினும் வியப்பானது சென்னை நகரிலிருந்து வந்த கணக்கு. அந்நகரிலே வீடுகளிற் கற்ற பிள்ளைகள் 26,000 க்கு மேற்பட்டோர் என்றும், அது பள்ளிக்கூடங்களிற் கற்றோர் தொகையிலும் ஐந்து மடங்குக்கு அதிகம் என்றும் அக்கணக்குக் கூறிற்று. அத்தொகையிலே பிழையிருக்கலாம் என மன்றோ தாமே ஐயுற்றார். எனினும் உறவினரிடத்தும் தனியாசிரியரிடத்தும் வீட்டிலே கற்போர் தொகை சிறிதன்று என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அவர்களையும் சேர்த்து நோக்கின், ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கல்வி பெற்றனர் என மதிப்பிட்டார். வீட்டுக்கல்வி என்பது அண்மையில் மேனாட்டிலிருந்து இறங்கிய புதுமை எனக் கருதுவோர் இதனைச் சிந்தித்தல் தகும்.

அம்மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியிலே கலெக்டராயிருந்த காம்பெல் என்பார் 1823இல் எழுதிய அறிக்கை அக்காலப் பள்ளிக்கூடத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. காலையில் முதலில் வருபவனுடைய உள்ளங்கையிலே சரசுவதியின் பெயர் எழுதப்படுமாம். இரண்டாவதாக வருபவன் கையிலே ஒரு சுழியம். அவன் புகழ்ச்சிக்கும் உரியனல்லன், இகழ்ச்சிக்கும் உரியனல்லன் என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நாலாமவனுக்கு இரண்டு, அப்பால் வருவோர்க்கு ஒவ்வொன்றாய் ஏறும். எல்லாரும் கூடியபின் தேர்ச்சிக்கேற்பச் சிறு சிறு குழுக்களாகப் பிரிவர். இளையோரைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்வர். மேலோரை ஆசிரியர் நேரே பார்ப்பர். முந்தினவன் பிந்தினவனுக்குச் சொல்லிக்கொடுப்பதால் முந்தினவனுடைய அறிவும் உறுதிப்படுகிறது எனக் காம்பெல் பாராட்டினார்.

இவ்வாறு கூறுவதால் அப்பழமையைப் பொற்காலமென்று பாடிவிட்டு அமைதல் நேர்மையாகாது. அடியும் உருப்போடுதலும் அங்கு மிகுதி. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே கற்றனர். ஒடுக்கப்பட்ட சாதியார்க்குத் திண்ணையின் வாயில் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறன்று. தன் நடையிற் கற்கும் உரிமை, கற்க வாய்ப்புடையார்க்கே உரியதாயிருந்தது. இதனை மறவாது மேலே செல்வோம்.

எழும்பூர் மணலும் இங்கிலாந்தும்

காம்பெல் பாராட்டிய இம்முறை அதற்கு முன்னரே கடல் கடந்துவிட்டது. அதனைக் கொண்டுசென்றவர் அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். 1787இல் சென்னைக்கு வந்த இவர், 1789இல் எழும்பூரிலே போர்வீரருடைய அநாதைப் புதல்வர்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பாடசாலையின் பொறுப்பை ஏற்றார். ஒருநாட் காலை அவர் குதிரையிற் செல்லும்போது, நாட்டுப் பள்ளிக்கூடமொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார் என்பர். அதனைத் தம் பாடசாலையிலும் செய்விக்க விரும்பினார். துணையாசிரியர்கள் இணங்கவில்லை. பெல் அவர்களை விட்டு, யோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறியோர்க்கு அரிச்சுவடி கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்புவித்தார். சிறுவன் அதனைச் செவ்வனே செய்துவிட்டான்!

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறுவருடம் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்திலே அது "சென்னை முறை" என்று பெயர்பெற்றது. 1798இல் இலண்டனின் தென்புறத்திலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய யோசப் லங்காஸ்ரரும் இதனையொத்த முறையைக் கையாண்டு பெரிதாக்கினார். 1811இல் ஏற்பட்ட தேசிய சங்கம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. அவர் பிறந்த சென் அண்ட்ரூஸ் நகரிலே இன்றும் ஓர் உயர்தரப் பாடசாலை "மட்றாஸ் கல்லூரி" என்னும் பெயருடன் விளங்குவது இவ்வரலாற்றின் நினைவுச்சின்னமாகும்.

எமது ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி யாதெனில், இப்பாடசாலைகளிலே வகுப்பு என்பது தேர்ச்சியின் அளவேயன்றி வயதின் அளவன்று. பாடத்தைக் கைவரப்பெற்றவன் மேல்வகுப்புக்கு ஏறுவான். அதற்கு ஆண்டிறுதி வரை காத்திருத்தல் வேண்டா. லங்காஸ்ரர் பள்ளியிலே வாசிப்புக்கு ஒரு வகுப்பு வரிசை, கணக்குக்கு வேறொரு வகுப்பு வரிசை. வாசிப்பில் மேலே நிற்கும் பிள்ளை கணக்கிலே கீழே நிற்பது அங்கு இயல்பாயிருந்தது, எவரும் நகைத்திலர். என் தம்பி அங்கு சென்றிருப்பின், "எனக்குப் படிப்பு வராது" என்று சொல்லியிருக்க மாட்டான் என எண்ணுகிறேன். ஆயினும் இம்முறைக்கும் குறையுண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரின் கீழ் அடைத்து மலிவாகக் கற்பிக்கும் இயந்திரமாக அது மாறியது. எட்டு வயதுச் சிறுவன் தான் அறிந்ததைச் சொல்லிக்கொடுப்பான். தான் அறியாததை எங்ஙனம் சொல்லிக்கொடுப்பான்? பயிற்சிபெற்ற ஆசிரியர் பெருகப் பெருகச் சட்டாம்பிள்ளைகளின் ஆட்சி தேய்ந்தது.

அளவுகோல் வேலியான வரலாறு

அடுத்த மாற்றம் அமெரிக்காவிலே தோன்றிற்று. மசாசுசெற்ஸ் மாநிலக் கல்விச் செயலாளராயிருந்த ஹொறஸ் மான் 1843இல் புருசியாவுக்குச் சென்று, அங்கே பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியரை நியமிக்கும் ஒழுங்கைக் கண்டு வியந்து எழுதினார். 1847இல் பொஸ்ரன் நகரிலே குவின்சி பாடசாலைக்குக் கட்டடம் எழுந்தது. யோன் பில்பிறிக் அதன் தலைமையாசிரியர். பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஓர் ஆசிரியர், அறையில் ஏறத்தாழ 55 பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு மேசை. இன்று எமது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையின் மூதாதை அதுவெனலாம். அது தீயோர் செய்த சூழ்ச்சியன்று. ஒரே மண்டபத்தில் எல்லாரும் கூச்சலிட்ட பழைய பள்ளியிலும் அது எவ்வளவோ நன்று. பெருந்தொகையான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கிட்டியது அதனாலேயே.

ஆயினும் அளவுகோல் வேலியாக மாறியது இங்கிலாந்திலே. 1862இல் றொபேட் லோ என்பார் வகுத்த திருத்தச் சட்டக்கோவை, ஆறு "தரங்களை" ஏற்படுத்தியது. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையை வாசிக்கவேண்டும். ஆறாந் தரத்துப் பிள்ளை பத்திரிகையில் வரும் ஒரு பந்தியை வாசிக்கவேண்டும். இதுவரை தீங்கொன்றுமில்லை. தீங்கு காசிலே வந்தது. பரிசோதகர் வந்து சோதிக்கும்போது தேறும் பிள்ளைக்காகப் பாடசாலைக்கு எட்டுச் சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் ஒன்று தவறினால் இரண்டு சிலிங் எட்டுப் பென்சு குறைக்கப்படும். ஆசிரியருடைய ஊதியம் பிள்ளையின் தரத்திலே தொங்கிற்று! பின் கேட்பானேன்? விரைந்து ஓடக்கூடியவன் நிறுத்தி வைக்கப்பட்டான். மெல்ல நடப்பவன் அடித்துத் துரத்தப்பட்டான். பாடசாலைப் பரிசோதகராயிருந்த புலவர் மத்தியூ ஆர்னல்ட் இம்முறை கல்வியை உயிரற்றதாக்கும் எனத் தொடக்கத்திலேயே எதிர்த்தார். 1890களிலேதான் அது அங்கு ஒழிந்தது.

ஆங்கிலேயர் ஆண்ட எமது தீவும் இதற்குத் தப்பவில்லை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் இங்கு நிறுவப்பட்டபின், பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை என்னும் முறை உதவிபெறும் பாடசாலைகளுக்கும் வந்தது. மிஷனார் பாடசாலைகளும், சைவப் பெரியார் நிறுவிய பாடசாலைகளும் அக்கொடையை எதிர்பார்த்தே நடக்கவேண்டியிருந்தன. "தரம்" என்னும் சொல்லை இன்றும் யாம் வழங்கும்போது, அச்சொல்லின் பின்னே ஒரு காலத்திற் சிலிங்குக் கணக்கு ஒளிந்திருந்தது என்பதை நினைத்தல் நலம்.

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரை (1822-1879) நினையாதிருத்தல் இயலாது. திண்ணையிலே தொடங்கி வெஸ்லியன் மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலையிலே கற்று அங்கேயே கற்பித்த அவர், இரு முறைகளின் குணங்குற்றங்களையும் நேரே கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அச்சு நூலின் பயனை உணர்ந்து, எளிய சொல்லிலிருந்து அரிய பொருளுக்குப் படிப்படியாக ஏறும் பாலபாடங்களை இயற்றினார். முதற் பாலபாடம், இரண்டாம் பாலபாடம் என்னும் பெயர்களை நோக்குமின். எண் நூலின்மேல் நிற்கின்றது. ஆறு வயதுப் பிள்ளையும் அதனைக் கற்கலாம். எழுத்தறியாது வளர்ந்த இருபது வயது வாலிபனும் வெட்கமின்றி அதனைக் கற்கலாம். பழைய சுவடியின் பண்பும் புதிய வகுப்பின் ஒழுங்கும் அங்கே கைகோத்து நின்றன.

வகுப்பின்றிக் கற்ற இருவர்

வகுப்பே இல்லாது கற்றவர் யாது ஆயினர் என்று கேட்போர்க்கு இருவரை எடுத்துக்காட்டுவேன். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் தமிழர்.

யான் பயின்ற மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்திலே ஒருநாள் யோன் ஸ்ருவாட் மில் என்னும் தத்துவ அறிஞரின் சுயசரிதை கைக்குக் கிட்டிற்று. 1806இற் பிறந்த அவர் பாடசாலை வாயிலையே மிதித்தவரல்லர். தந்தையாராகிய யேம்ஸ் மில் தாம் எழுதும் மேசையிலேயே மகனை இருத்திக் கற்பித்தார். மூன்று வயதிற் கிரேக்கம். எட்டு வயதில் இலத்தீன். தந்தையார் லங்காஸ்ரர் முறையை ஆதரித்து எழுதியவர். ஆதலால் வீட்டையே அத்தகைய பள்ளியாக்கினார். தாம் கற்ற இலத்தீனை மில் தம் தங்கைமார்க்குக் கற்பிக்கவேண்டும்; அவர்கள் பிழைவிட்டால் வசவு இவருக்கே! அவ்வேலையைத் தாம் பெரிதும் வெறுத்ததாகவும், பிள்ளையைக்கொண்டு பிள்ளைக்குக் கற்பிப்பது பயன் குறைந்த முறையென்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார்.

ஒன்று மட்டும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தாம் மற்றப் பிள்ளைகளிலும் முந்தி நிற்கிறார் என்பதே மில்லுக்குத் தெரியாது. அவரை எவரோடும் ஒப்பிட்டுப் புகழாதபடி தந்தையார் காத்தார். பதினான்காம் வயதில் மகன் நெடும்பயணம் புறப்படும்போதுதான், இலண்டனின் ஹைட் பூங்காவிலே உலாவிக்கொண்டே, "உன் வயதினர் அறியாத பலவற்றை நீ அறிந்திருப்பதைக் காண்பாய், அது உன் பெருமையன்று, கற்பிக்க மனமும் நேரமும் உடைய தந்தை வாய்த்த பேறு" என்னும் கருத்துப்படச் சொல்லிவிட்டார். எத்தகைய நல்லறிவு! எனினும் கதை இங்கே முடியவில்லை. விளையாட்டும் தோழரும் இல்லாது அறிவொன்றே ஊட்டப்பட்ட அவ்விளைஞர் 1826இல், இருபது வயதில், வாழ்க்கையிற் சுவையெல்லாம் இழந்து மனஞ்சோர்ந்து கிடந்தார். கவிதையே அவரை மீட்டது. வீட்டிலே கற்பிக்கும் பெற்றோர்க்கு இவ்விரு பாடமும் வேண்டும்: ஒப்பிடாதிருத்தல் ஒன்று, ஒத்த வயதினருடன் கூடவிடுதல் மற்றொன்று.

மற்றவர் உ. வே. சாமிநாதையர் (1855-1942). மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வல்லாரைத் தேடி அவர் தந்தையார் குடும்பத்துடன் ஊர் ஊராகக் குடியேறினார். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்ப் புலவர் அறிந்த நூல் பாடமாயிற்று. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, அவர் மறையும்வரை உடனிருந்து கற்றார். அங்கே ஆண்டிறுதிப் பரீட்சையில்லை, வகுப்பேற்றமில்லை, ஒரு நூல் முடிய மறுநூல். அப்படிக் கற்றவரே 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே, வகுப்புகளும் பரீட்சைகளும் நிறைந்த இடத்திலே, தமிழாசிரியராய் அமர்ந்தார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அவருடைய தொண்டை ஈண்டு விரிக்கவேண்டுவதில்லை. வகுப்பின்றிக் கற்றதால் அவர் கல்வி ஒழுங்கற்றதாயிற்றா? இல்லை. நூல்களின் வரிசையே அவர்க்கு ஒழுங்காயிற்று.

மீண்டும் பிள்ளையை நோக்கி

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் வகுப்பு வேலியைத் தளர்த்த முயன்றோர் பலர். 1907இல் உரோமாபுரியின் ஏழைகள் சேரியிலே மரியா மொண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மூன்று வயது முதல் ஆறு வயது வரையானோர் ஒரே அறையிற் கலந்திருப்பர். ஒவ்வொரு பிள்ளையும் தான் விரும்பிய வேலையைத் தான் வேண்டும் அளவு செய்யும். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப்போர் மூண்டமையால் இந்தியாவிலேயே சில ஆண்டு தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார் என்பது எமக்குச் சிறப்பாக நினைக்கத்தக்கது. எமது ஊர்களிலே முன்பள்ளியையே "மொண்டிசோரி" என்று சொல்லும் வழக்கு இருக்கின்றது. பெயர் வந்த அளவுக்கு முறை வந்ததா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவிலே ஹெலன் பார்க்ஹேர்ஸ்ற் அம்மையார் 1920இல் டால்ற்றன் நகர உயர்தரப் பாடசாலையில் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். மாணவன் ஒரு மாத வேலையை ஒப்பந்தம்போல ஏற்று, தன் வேளையைத் தானே பங்கிட்டு முடிக்கவேண்டும். சிக்காகோவுக்கு வடக்கேயுள்ள வினெற்கா நகரிலே 1919 முதல் 1943 வரை கல்வி மேற்பார்வையாளராயிருந்த கார்ல்ற்றன் வொஷ்பேண் செய்தது எமக்கு இன்னும் பயனுடையது. அவர் ஒவ்வொரு பாடத்தையும் சிறு சிறு இலக்குகளாகப் பகுத்து, பிள்ளைக்கு ஓர் இலக்கு அட்டை கொடுத்தார். ஓர் இலக்கை முற்றாகக் கைவரப்பெற்றபின்னரே அடுத்தது. ஒரு பிள்ளை வயதொத்தாருடன் நாலாம் வகுப்பறையில் இருந்துகொண்டே, மூன்றாம் வகுப்புக் கணக்கையும் ஐந்தாம் வகுப்பு வாசிப்பையும் செய்யலாம். நாளில் ஒரு பாதி இத்தகைய தனிவேலைக்கு. மறுபாதி நாடகம், இசை, கைவேலை, கூட்டம் என எல்லாரும் சேர்ந்து செய்வனவற்றுக்கு. மில்லுக்குக் கிட்டாதிருந்த இரண்டாம் பாதியை வினெற்காப் பிள்ளைகள் பெற்றனர்.

இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளையின் வயது, ஆற்றல், இயல்பு என்னும் மூன்றுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பெற்றோர் பாடசாலை மூலமாகவோ வேறு வகையாகவோ அளிக்கவேண்டும் என விதித்தது. வயதை மட்டும் கூறி நிறுத்தாது ஆற்றலையும் இயல்பையும் சேர்த்தமை கவனிக்கத்தக்கது. அமெரிக்காவிலே ஆசிரியராயிருந்து பாடசாலைமீது நம்பிக்கையிழந்த யோன் ஹோல்ற், 1977இல் வீட்டிலே கற்பிக்கும் பெற்றோர்க்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். 1993 அளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்ட இடம் கிடைத்துவிட்டது.

யாம் கொள்ளத்தக்கது

வரலாறு எமக்குக் கூறுவது இதுவாகும். வகுப்பு ஒரு பொய்யன்று. பலரை ஒருவர் கற்பிக்க நேர்ந்தபோது மனிதர் கண்ட ஓர் ஏற்பாடு. பலர் உள்ள இடத்திலே அது வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒருவர் கற்பிக்கும் வீட்டிலோ அது வேலியாக இருத்தல் வேண்டா. அளவுகோலாக இருந்தாற் போதும். துணி வெட்டுபவன் அளவுகோலைக் கையில் வைத்திருப்பான். அதன் நீளத்துக்கு ஆளை வெட்டமாட்டான்.

எமது நாட்டிலே 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. நோயினாலோ, இடப்பெயர்வினாலோ, வேறு காரணத்தாலோ வீட்டிலே கற்கும் பிள்ளையும் ஒருநாள் பாடசாலைக்குச் செல்லலாம், அல்லது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆதலால் தரத்தை முற்றாக மறந்துவிடுதலும் பேதைமையே. வீட்டிலே கற்பிப்போர் கைக்கொள்ளத்தக்கன என யான் துணிந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, பிள்ளைக்கு ஒரு தரம் என எண்ணற்க. பாடத்துக்கு ஒரு தரம் என எண்ணுக. தமிழிலே ஆறு, கணக்கிலே மூன்று, ஆங்கிலத்திலே நான்கு என்பது குழப்பமன்று. அதுவே உண்மையான கணக்கு. இரண்டாவது, பாடத்தைச் சிறு இலக்குகளாகப் பகுத்து ஒரு கொப்பியில் எழுதுக. கைவந்ததன் எதிரே திகதியிடுக. அக்கொப்பியே பிள்ளை பின்னர் எப்பாடசாலைக்குச் சென்றாலும் அவன் எங்கு நிற்கிறான் என்பதற்குச் சாட்சி. மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை அரசாங்கப் பாடநூலை விரித்து, எஞ்சியது எதுவெனப் பார்க்குக. அப்போது அளவுகோல் தன் வேலையைச் செய்யும். மற்றை வேளையில் அது பெட்டிக்குள் இருக்கட்டும். நாலாவது, பிந்திய பாடத்தில் அவசரப்படுத்தற்க. முந்திய பாடத்தில் நிறுத்தி வைக்கற்க. ஐந்தாவது, தமையனுடனோ அயல்வீட்டுப் பிள்ளையுடனோ ஒப்பிடற்க. விளையாட்டிலும் பாட்டிலும் கோயிற்றொண்டிலும் வயதொத்தாருடன் கூடவிடுக.

என் தம்பியின் செய்தியையும் முடித்துவிடுகின்றேன். பாடசாலை விட்டு வந்தபின் நாடோறும் அரைமணி நேரம், தரம் 5 ஐ ஒருபுறம் வைத்துவிட்டு, கடன் வாங்கிக் கழிக்கும் இடத்திலிருந்தே அவனுடன் யான் தொடங்கினேன். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவிழ்த்துக் காட்டியபோது ஒருநாட் பின்னேரம் அவனுக்கு விளங்கிற்று. அதற்குப்பின் எட்டு மாதத்திற் பெரும்பகுதியை எட்டிப்பிடித்தான். புலமைப்பரிசில் கிடைக்கவில்லை, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. "எனக்குப் படிப்பு வராது" என்னும் சொல் மட்டும் அவன் வாயிலிருந்து நீங்கிற்று. எமக்கு அது போதும்.

வாலிப நண்பர்களே! எமது சங்கத்தின் இலவச மாலை வகுப்பிலே நாம் பிள்ளைகளைப் பாடசாலைத் தரப்படியே பிரித்து இருத்துகின்றோம். பகலிலே வேலியின் வெளியே நின்ற பிள்ளையை மாலையிலும் அதே வேலியின் வெளியே நிறுத்துகின்றோம். வருகின்ற தவணையிலே, கணக்கை மட்டுமாயினும் தேர்ச்சிப்படி பிரித்துப் பார்ப்போமா? மேல் நிற்கும் பிள்ளை கீழ் நிற்கும் பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்க, நாம் இருவர் மூவர் மேற்பார்த்தாற் போதும். இது அந்நிய நாட்டிலிருந்து இரவல் வாங்கும் முறையன்று. எமது திண்ணையிலிருந்து சென்று உலகைச் சுற்றி வந்த முறையே. அன்று அத்திண்ணையில் இடம்பெறாதிருந்தோரின் பிள்ளைகளும் இன்று எம்முடன் ஒரே பாயில் இருந்து கற்கின்றனர். அப்பாயிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சுவடியைக் கொடுப்பது எமது கடமை. பெரியோர்கள் இதற்கு ஆசியும் ஆலோசனையும் தருவார்களாக.